என் மகளைக் கூப்பிட்டவர்

என் மகள் இருக்கும் மடத்துக்கு, நான் குடியிருக்கும் இர்விங் நகரத்திலிருந்து காரில் போக அரை நாள் ஆகும். பிரீவேயை விட்டு இறங்கிய பிறகு இருபுறமும் மாட்டுப் பண்ணைகள்தான். கடைசியாக வரும் கேஸ் ஸ்டேஷனில் நிறுத்தி முகம் கழுவிக்கொள்வேன். அழுத முகத்தோடு போய் அவள் முன்னால் உட்காரக் கூடாது என்பதற்காக.

அது கிறிஸ்தவக் கன்னியர் மடம். நாமக்கல்லில் நான் படித்த கான்வென்ட்டிலும் கன்னியர் இருந்தார்கள். அவர்கள் பாடம் நடத்துவார்கள், பஸ்ஸில் போவார்கள், கடையில் பேரம் பேசுவார்கள். இவர்கள் அப்படி அல்ல. உள்ளே போனால் போனதுதான். ஜெபம், தோட்ட வேலை, மௌனம். நாம் பார்க்கப் போனால் கம்பித் தடுப்புக்கு அந்தப் பக்கம் வந்து உட்கார்ந்து பேசுவார்கள். என் ஒரே மகள் அங்கே இருக்கிறாள். நாங்கள் இந்துக்கள், குலதெய்வத்துக்குக் கிடா வெட்டிப் பொங்கல் வைக்கிற கொங்குக் குடும்பம். இதைக் கேட்பவர்கள் முதலில் என் முகத்தைப் பார்ப்பார்கள், பிறகு பேச்சை மாற்றிவிடுவார்கள்.

கல்யாணமாகி வெகுகாலம் கழித்துப் பிறந்தவள் அவள். என் கணவர் லாஸ் கொலினாஸ் பகுதியில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தார். நான் வீட்டிலேயே டே கேர் நடத்தினேன். புதிதாக ஊரிலிருந்து வந்து அபார்ட்மென்ட்டில் குடியேறியவர்களின் குழந்தைகள் என்னிடம்தான் வளர்ந்தன. என் கணவர் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதே இல்லை. எங்கள் பக்கம் பிள்ளைகளைச் 'சாமி' என்பது வழக்கம். "சாப்ட்டியா சாமி?" "ஷூ போட்டுக்க சாமி, லேட்டாச்சு." பள்ளிக்கூட வாசலில் அவர் அப்படிச் சத்தம் போட்டுக் கூப்பிடுவதைக் கேட்டு, அதுதான் அவள் பெயர் என்று அவளுடைய சிநேகிதிகள் நினைத்திருந்தார்கள்.

நாங்கள் பேசும் தமிழ் அவளுக்கு முழுக்கப் புரியும். பதில் மட்டும் ஆங்கிலத்தில் வரும். இங்கே அவள் சொன்னதாக நான் எழுதுவதில் பெரும்பாலானவை அவள் ஆங்கிலத்தில் சொன்னவை.

டாக்டருக்குப் படிக்க வேண்டும் என்றுதான் ஆஸ்டினில் கல்லூரியில் சேர்ந்தாள். இரண்டாம் வருடம், அறிவியலுக்கு வெளியே ஏதாவது ஒரு பாடம் எடுக்க வேண்டும் என்ற விதிக்காக, கிறிஸ்தவத்தின் முதல் சில நூற்றாண்டுகள் பற்றிய வரலாற்றுப் பாடத்தை எடுத்தாள். வகுப்பு நேரம் வசதியாக இருந்தது என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் இல்லை. அந்த வருடம் தேங்க்ஸ்கிவிங் விடுமுறைக்கு வந்தபோது சாப்பாட்டு மேசையில் அதே பேச்சாக இருந்தாள். ரோமாபுரியில் நிலத்தடியில் தோண்டிய கல்லறைகள், ஒளிந்து கூடி ஜெபித்தவர்கள், ஞானஸ்நானம் பெற மூன்று வருடம் காத்திருந்த அடிமைப் பெண்கள். அவள் அப்பா மாதுளை உரித்து அவள் தட்டில் போட்டுக்கொண்டே கேட்டார்.

எகிப்தில் இருந்த ஓர் இளைஞனைப் பற்றி அவள் சொன்னது நினைவிருக்கிறது. நிலபுலன் உள்ள குடும்பம். அப்பா அம்மா இறந்துவிட்டார்கள், ஒரு தங்கை மட்டும் இருந்தாள். ஒருநாள் அவன் கிறிஸ்தவக் கோயிலுக்குள் நுழைகிறபோது யாரோ வேதத்தை வாசித்துக்கொண்டிருக்கிறார்கள். எல்லாவற்றையும் விட்டுவிட்டு வா என்று வருகிற இடம். அது தனக்கே சொன்னது என்று அவனுக்குத் தோன்றுகிறது. நிலத்தைக் கொடுத்துவிட்டுப் பாலைவனத்துக்குப் போய்விடுகிறான்.

"நெலத்தையா குடுத்துட்டான்? தங்கச்சிய என்ன பண்ணுனான்?" என்றார் இவர்.

"கன்னிப் பெண்கள் சேர்ந்து வாழ்ந்த ஓர் இடத்தில் கொண்டுபோய் விட்டான்."

"அந்தப் புள்ளகிட்ட ஒரு வார்த்த கேட்டானா?"

"தெரியாதுப்பா" என்று சிரித்தாள். நாங்களும் சிரித்தோம். எந்த ஊர்க் கதையோ என்றுதான் இருந்தது.

அடுத்த வருடம் வசந்த விடுமுறை முடிந்து சில வாரம் கழித்து வீட்டுக்கு வந்தாள். காலையில் நான் தோசை வார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து நின்று, "அம்மா, ஐ காட் பேப்டைஸ்டு" என்றாள். ஞானஸ்நானம் வாங்கிவிட்டாளாம். நான் அடுப்பை அணைத்தேன். கல்லில் இருந்த தோசை அப்படியே ஒட்டிக்கொண்டது.

இவர் கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு அவளை உட்காரச் சொன்னார். "பையன் யாராச்சும் இருக்கானா சாமி? அதுக்காகவா?" என்றார். இல்லை என்றாள். "செரி உடு. எந்தச் சாமியா இருந்தா என்ன. ஞாயித்துக்கெழம நீ சர்ச்சுக்குப் போ, நாங்க கோயிலுக்குப் போறோம். மத்த நாளு எல்லாருக்கும் ஒரே சோறுதான்" என்றார். அவள் எழுந்து அவரைக் கட்டிக்கொண்டு அழுதாள். பரீட்சைக்குப் போகுமுன் அவள் நெற்றியில் திருநீறு பூசிவிடுவது அவர் வழக்கம். அதற்குப் பிறகு வெறும் கையைத் தலையில் வைத்து அனுப்பினார். அது எனக்குத்தான் வலித்தது. அவர் பழகிக்கொண்டார். அந்த நாட்களில் இதோடு நிற்கும் என்றே இருவரும் நம்பினோம்.

கல்லூரி முடிகிற வருடம் மெடிக்கல் ஸ்கூலில் இடம் கிடைத்தது. ஊருக்கெல்லாம் போன் பண்ணிச் சொன்னேன். டே கேர் குழந்தைகளுக்குக் கேசரி கொடுத்தேன். அந்த மாதமே ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், துணி மடித்துக்கொண்டிருந்த என் எதிரே தரையில் உட்கார்ந்து, தான் படிக்கப் போகப்போவதில்லை என்றாள். மடத்தில் சேரப் போகிறாளாம். அங்கே பேசி முடித்தாகிவிட்டதாம்.

"என்னை அவர் கூப்பிடுகிறார், அம்மா."

"யாரு?"

கேட்டேனே தவிர, எனக்குப் புரிந்துதான் இருந்தது.

"எப்படிக் கூப்பிட்டாரு? சத்தம் கேட்டுச்சா?"

"இல்லை. நீங்கள் கிச்சனிலிருந்து கூப்பிடும்போது சில சமயம் எனக்குக் காதில் விழாது. ஆனால் கூப்பிட்டீர்கள் என்று தெரியும். எழுந்து வருவேன். அந்த மாதிரி."

மடித்த துணியையே திரும்ப உதறி மடித்தேன். கிச்சனிலிருந்து நான் கூப்பிட்டதெல்லாம் சாப்பிட. அதையும் இதையும் அவள் எப்படி ஒன்றாக வைத்தாள் என்று கேட்கத் தோன்றியது. 

இவர் அந்தக் கோடைக்காலம் முழுவதும் போராடினார். ஒரு வருஷம் தள்ளிப் போடு என்றார். டாக்டருக்குப் படித்துவிட்டு ஆப்பிரிக்காவுக்குப் போய் ஏழைகளுக்கு வைத்தியம் பார், நானே டிக்கெட் எடுத்துத் தருகிறேன் என்றார். அலுவலகத்தில் தூத்துக்குடிப் பக்கத்துக் கத்தோலிக்கர் ஒருவர் இருந்தார். அவர் சொன்னால் கேட்பாள் என்று வீட்டுக்கு அழைத்துவந்தார். அந்த அங்கிள் அவளோடு வெகுநேரம் பேசிவிட்டு ஹாலுக்கு வந்தார். கண்கள் சிவந்திருந்தன. "இது எங்க வீட்டுப் பிள்ளைக்குக் கிடைக்கலியேன்னு இருக்கு சார். பெரிய பாக்கியம்" என்றார். இவர் காபி டம்ளரை அவர் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார். அதன் பிறகு இருவரும் அலுவலகத்தில் சேர்ந்து சாப்பிடவில்லை.

கடைசியாகச் சண்டை வந்தது ஆகஸ்ட் மாதத்தில். ஏசியின் சத்தத்தையும் மீறி இவர் குரல் உயர்ந்திருந்தது. இதெல்லாம் புதிதல்ல, முதல் சீடர்களையே அப்படித்தான் கூப்பிட்டார் என்று அவள் சொல்லிக்கொண்டிருந்தாள். கடற்கரையில் இரண்டு சகோதரர்கள். அப்பாவோடு படகில் உட்கார்ந்து வலையைச் சரிசெய்துகொண்டிருந்தார்கள். அவர் அந்த வழியாகப் போகிறார், கூப்பிடுகிறார். அவர்கள் வலையை அப்படியே விட்டுவிட்டு உடனே எழுந்து போகிறார்கள்.

"படகுல அப்பா இருந்தாருன்னு சொன்னியே?"

"ஆமாம்."

"அவரு என்ன பண்ணுனாரு?"

"படகிலேயே இருந்தார்."

"அப்பறம்?"

"அதற்கு மேல் எழுதவில்லைப்பா."

"ஏஞ்சாமி எழுதல? ரெண்டு பசங்களும் எந்திரிச்சுப் போயிட்டா அந்த மனுசன் வலையை யாரு கூடத் தூக்குவான்? அத எழுத ஒருத்தனுக்குமா தோணல?"

அவள் அழுதாள். இவரும் அழுதார். ஆனால் முடிவு மாறவில்லை.

செப்டம்பரில் நாங்கள்தான் கொண்டுபோய் விட்டோம். ஒரு சின்னப் பெட்டி. இவர் அதைத் தூக்கிக்கொண்டு கதவுவரை போனார். உள்ளே இருந்து ஒரு கன்னியாஸ்திரி கதவைத் திறந்து, மிகவும் அன்பாகச் சிரித்து, பெட்டியை வாங்கிக்கொண்டார். வயதான, வெள்ளைக்காரப் பெண்மணி. அங்கே எல்லோரும் அவரை மதர் என்று கூப்பிடுகிறார்கள். என் மகளும் அன்றே அப்படிக் கூப்பிட்டாள். என்னைக் கட்டிக்கொண்டபோது அவள் முகம் எனக்குப் பழக்கமில்லாத ஒரு சந்தோஷத்தில் இருந்தது. கதவு சாத்திய பிறகும் இவர் கையை நீட்டியபடியே நின்றார்.

அவளுடைய போனை எங்களிடம் கொடுத்துவிட்டுப் போனாள். இவர் அதை நிறுத்த விடவில்லை. சார்ஜ் போட்டு டிவி பக்கத்தில் வைத்திருந்தார். அவள் உள்ளே போனது தெரியாத சிநேகிதர்களிடமிருந்து பிறந்தநாள் வாழ்த்து வரும். இவர் எடுத்துப் படித்துவிட்டுத் திரும்ப வைப்பார்.

அடுத்த வருடம் அவளுக்குக் கன்னியர் உடை கொடுத்தார்கள். பெயரையும் மாற்றினார்கள். சில மாதத்துக்கு ஒரு முறைதான் பார்க்க அனுமதி. ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் அதுவும் இல்லை. முதல் தடவை தடுப்புக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து இவர் கார் எவ்வளவு மைலேஜ் கொடுக்கிறது என்று மட்டும் பேசினார். "வண்டி நல்லா ஓடுது சாமி. டயரு மாத்தியாச்சு." அவளும் டயரைப் பற்றிக் கேட்டாள். கம்பி வழியாக விரல் நீட்டலாம், தொடலாம், யாரும் தடுக்கவில்லை. இவர் நீட்டவில்லை. அதற்குப் பிறகு என்னோடு வருவார், பார்க்கிங்கில் மர நிழல் பார்த்து நிறுத்துவார், காரிலேயே இருப்பார். திரும்பி வந்ததும், "எளச்சிருக்காளா?" என்று ஒரே ஒரு கேள்வி. இல்லை என்று நான் சொல்வேன். இளைத்துத்தான் இருந்தாள்.

பிறகு ஒருநாள் இவர் அலுவலகத்தில் மீட்டிங் நடந்துகொண்டிருக்கும்போதே மேசையில் சாய்ந்தார். எனக்கு போன் வந்தபோது குழந்தைகள் மத்தியானத் தூக்கத்தில் இருந்தார்கள். அவர்களுடைய அம்மாக்கள் ஒவ்வொருவராக வந்து அழைத்துப் போகும்வரை நான் கிளம்ப முடியவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

மடத்துக்கு போன் செய்தேன். மதர்தான் எடுத்தார். அவர் குரலும் உடைந்தது. இப்படிப்பட்ட சமயத்தில் வெளியே போய்வர அனுமதி உண்டு, நானே கார் ஏற்பாடு செய்கிறேன், முடிவு அவளுடையது என்றார். காத்திருந்தேன். வெகுநேரம் கழித்து அவள் போனுக்கு வந்தாள்.  தமிழில், "நான் வரலைம்மா" என்றாள்.

"என்ன சொல்ற? அப்பா, சாமி. அப்பா."

"தெரியும். வரலை."

போன் வைத்துவிட்டாள். ஏன் என்று கேட்கக்கூட எனக்கு நேரம் தரவில்லை.

இங்கே சுடுகாடு கிடையாது. இறுதிச் சடங்கு நடத்தும் நிறுவனத்தின் கட்டடத்திலேயே ஒரு பக்கம் எரியூட்டும் அறை இருக்கும். கோயிலிலிருந்து வந்த ஐயர் மந்திரம் சொல்லிவிட்டு, மெதுவாக, "கொள்ளி வைக்க யார் இருக்காங்க? பையன்?" என்றார். இல்லை என்றேன். "பொண்ணு இருந்தாலும் பரவாயில்லம்மா, இப்பல்லாம் செய்யறாங்க." இருக்கிறாள் என்றும் சொல்ல முடியவில்லை, இல்லை என்றும் சொல்ல முடியவில்லை. அலுவலக நண்பர்களில் ஒருவர் முன்னால் வந்தார். அந்தத் தூத்துக்குடி அங்கிள்தான். நான் வேண்டாம் என்று தலையசைத்தேன். சுவரில் ஒரு பச்சைப் பொத்தான் இருந்தது. அங்கே வேலை செய்கிற இளைஞன் எப்போது அழுத்த வேண்டும் என்று சொன்னான். அழுத்தினேன். உள்ளே ஏதோ மிஷின் ஓடத் தொடங்கும் சத்தம் கேட்டது. அவ்வளவுதான்.

வீட்டில் பூஜை அலமாரியில் அதன் பிறகு விளக்கு ஏற்றவில்லை. நம் சாமியிடம் கேட்டால், வேறு சாமி எடுத்துக்கொண்ட பெண்ணை நான் எப்படித் திருப்பித் தருவது என்று சொல்வார் போல இருந்தது. அந்தச் சாமியிடமோ எனக்குப் பேசிப் பழக்கம் இல்லை.

காரியமெல்லாம் முடிந்து ஒரு மாதம் கழித்து அவளைப் பார்க்கத் தனியாகப் போனேன். அவ்வளவு தூரம் நான் ஓட்டியது அதுதான் முதல் தடவை. திட்ட வேண்டும் என்றுதான் போனேன். வழியெல்லாம் வார்த்தைகளைத் தயார்செய்திருந்தேன். அவள் வந்து உட்கார்ந்தாள். கன்னம் ஒட்டிப்போய், கண்ணைச் சுற்றிக் கறுத்து, வேறு யாரோ போல இருந்தாள். பின்னால் கதவு பாதி திறந்திருந்தது. அதற்கு வெளியே தாழ்வாரத்தில் இன்னொரு கன்னியாஸ்திரி செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். என் மகள் அந்தப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள்.

"அம்மா, தமிழ்ல சொல்றேன். அவங்களுக்குப் புரிய வேணாம்."

அவள் தமிழ் தட்டுத்தடுமாறியது. ஒவ்வொரு வார்த்தையாகத் தேடி எடுத்தாள்.

"நான் அப்பாவுக்கு வந்திருந்தா, திரும்பி இங்க வந்திருக்க மாட்டேன். எனக்குத் தெரியும். அதான் வரலை."

எனக்கு விளங்கவில்லை.

"கூப்பிடறது நின்னு போச்சும்மா."

"எப்பருந்து?"

"ரொம்ப நாளா. டிரெஸ் குடுத்தாங்கள்ல, அதுக்கு அப்பறம் கொஞ்ச நாள்ல. முதல்ல சளி புடிச்சா வாசன தெரியாதே, அந்த மாதிரின்னு நெனச்சேன். சரியாயிடும்னு. ஆகலை. தினமும் ஜெபம் பண்ற சாப்பல்ல போய் நிக்கறேன். பாடறேன். ஒண்ணுமே இல்ல. சுவரு மட்டும் இருக்கு."

தயார்செய்த வார்த்தைகள் எல்லாம் போய்விட்டன. கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன்.

"அப்ப வந்துரு சாமி. வண்டி வெளியதான் நிக்குது. எந்திரி, நம்ம வீட்டுக்குப் போலாம். உன்ன யாரும் ஒரு கேள்வி கேக்க மாட்டாங்க. திரும்பப் படி, படிக்காம சும்மா இரு, என்ன வேணா பண்ணு. இப்பவே எந்திரி."

அவள் எழவில்லை.

"முடியாதும்மா."

"ஏன் முடியாது? உன்ன யாரு இங்க கட்டி வெச்சிருக்கா?"

"யாரும் இல்ல. மதர்கிட்டச் சொன்னா அவங்களே கதவு தொறந்து விடுவாங்க."

"அப்பறம் என்ன?"

 கை விரல்களை மடியில் வைத்து ஒன்றோடொன்று அழுத்திக்கொண்டிருந்தாள்.

"அன்னிக்குக் கூப்பிட்டது நிஜம்மா. அது ஒண்ணுதான் எனக்குத் தெரியும். இப்ப வெளிய வந்தா அதுவும் இல்லன்னு ஆயிடும். அப்பறம் அப்பாவை எதுக்காக விட்டேன்? சும்மா விட்டேன்னு ஆயிடும்ல?"

நான் திரும்ப உட்கார்ந்துவிட்டேன். கம்பி வழியாகக் கையை நீட்டினேன். அவள் பிடித்துக்கொண்டாள். அவள் கை ஜில்லென்று, தோட்ட வேலையில் காய்த்துப்போய் இருந்தது. அப்படியே மணி அடிக்கும்வரை இருந்தோம். மணி அடித்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். தாழ்வாரத்தில் நின்ற கன்னியாஸ்திரியைப் பார்த்துச் சிரித்துவிட்டு உள்ளே போனாள்.

வெளியே வரும்போது மதர் வாசலில் நின்று என் கையைப் பிடித்தார். உங்கள் மகள் இந்த வீட்டுக்குக் கிடைத்த ஆசீர்வாதம் என்றார். உண்மையாகத்தான் சொன்னார். அவர் முகத்தைப் பார்த்தபோது, மதரிடம் சொல்லிவிடலாமா, சொன்னால் அவரே அவளை வீட்டுக்கு அனுப்பிவிடுவாரே என்று ஒரு கணம் தோன்றியது. ஆனால் அவள் அதை அங்கே யாருக்கும் புரியாத பாஷையில் என்னிடம் ஒப்படைத்திருந்தாள். நன்றி என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினேன். பார்க்கிங்கை விட்டு வெளியே எடுக்கவே வெகுநேரம் ஆயிற்று.

அவள் சொன்ன பழைய கதைகளில் எல்லோரும் கூப்பிட்டவுடன் எழுந்து போனவர்கள். போன பிறகு கூப்பிட்டவரைக் காணாமல் நின்றவர்கள் அந்தக் காலத்திலும் இருந்திருப்பார்கள். பாலைவனத்தில், குகையில், எத்தனையோ பேர் வாய் திறக்காமலே செத்திருப்பார்கள். வெளியிலிருந்து பார்த்தவர்கள் அவர்களையும் பாக்கியவான்கள் என்றுதான் சொல்லியிருப்பார்கள். எனக்கு இது ஆறுதல் இல்லை. என் மகளைப் போல எப்போதும் யாரோ இருந்திருக்கிறார்கள் என்று தெரிவதால் அவளுக்கு என்ன கிடைத்துவிடும்?

போன வருடம் அவள் கன்னியர் எடுக்கும் கடைசிச் சத்தியமான வார்த்தைப்பாடும் கொடுத்துவிட்டாள். இனி சாகும்வரை அங்கேதான். சாப்பலில் முன் வரிசையில் எனக்கு இடம் போட்டிருந்தார்கள். சடங்கின்படி அவள் தரையில் குப்புற விழுந்து கிடந்தாள். கன்னியர் எல்லோரும் பாடினார்கள். எழுந்தபோது அவள் முகத்தில் ஏதாவது தெரிகிறதா என்று தேடினேன். எனக்குத் தெரியவில்லை.

ஊரிலிருந்து அண்ணன் போன் பண்ணும்போதெல்லாம், "அங்க தனியா உக்காந்து என்ன பண்ற? கெளம்பி வந்துரு" என்கிறார். போய்விடலாம்தான். டே கேரையும் மூடியாகிவிட்டது. குழந்தைகளை இப்போது தூக்க முடிவதில்லை, தூக்கினால் கீழே விட மனம் வருவதில்லை. ஆனால் நாமக்கல்லுக்குப் போய்விட்டால் சில மாதத்துக்கு ஒரு முறை அந்தக் கம்பிக்கு முன்னால் யார் போய் உட்காருவார்கள்?

அதனால் போகிறேன். என்ன சமைத்தேன், மழை பெய்ததா, பக்கத்து வீட்டு ஆன்ட்டிக்கு முட்டி ஆபரேஷன் ஆனது என்று சொல்கிறேன். அவள் தோட்டத்தில் விளைந்ததைச் சொல்கிறாள். கூப்பிட்டவர் திரும்ப ஏதாவது சொன்னாரா என்று நான் கேட்பதில்லை. சொல்லியிருந்தால் அவளே சொல்லியிருப்பாள். இப்போது என்னிடம் அவள் ஆங்கிலத்தில்தான் பேசுகிறாள், தாழ்வாரத்தில் இருப்பவர்களுக்கும் புரிகிற மாதிரி.